நாத்தமில்லாத கருவாடு காணவில்லை

அத்தியாயம் 4

"என்ன காணோம்னு சொன்னே?"

"கருவாடு மேடம். நாத்தம் இல்லாத கருவாடு. ஒரு பொட்டி."

சந்திரகலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். அவளுடைய துப்பறியும் வாழ்க்கையில் தாலி காணாமல் போனதுண்டு, ஆடு காணாமல் போனதுண்டு. ஒருமுறை ஆவடியில் ஒரு மாடிப்படியே காணாமல் போனது. மாடிப்படியைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குள் மாடி போய்விட்டது. ஆனால் கருவாடு இதுதான் முதல் தடவை.

"போலீசுக்குப் போனியா?"

"போனேன் மேடம். 'நாத்தமே இல்லாத கருவாட்ட நாங்க எப்டிம்மா கண்டுபுடிக்கிறது'ன்னு சிரிச்சிக்கினே டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்கோ."

"நியாயம்தானே மேடம்," என்றான் மதன். "மோப்ப நாயைக் கூட்டினு வந்தா அதுக்கு எவ்ளோ அவமானம்! வேலையே வேணாம்னு ஓடிடும்."

மதன் சந்திரகலாவின் உதவியாளன். நாற்பது வயது, முன் வழுக்கை. நான்கு வேலைகளை வாயால் இழந்தவன். சந்திரகலா புறநகர் ரயிலில் இருபது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்தவள். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைச் சொல்வாள். ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை பிளாட்பாரத்தில் நிறுத்தி டிக்கெட் கேட்டிருக்கிறாள். குதிரையிடம் இருந்தது. மாப்பிள்ளையிடம் இல்லை.

இருவரும் இப்போது நின்றுகொண்டிருந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், பிரேமாவின் கருவாட்டுக் கொட்டகையில். இடது பக்கம் பெயிண்ட் கம்பெனி. வலது பக்கம் ரப்பர் கம்பெனி. பின்னால் இருக்கும் கம்பெனி என்ன செய்கிறது என்று அதன் முதலாளிக்கே சந்தேகம். மூன்று வாடையும் காலையிலேயே ஷிப்டுக்கு வந்துவிடும். அந்தத் தெருக்காரர்கள் மூக்கைக் கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு அன்று கொட்டகையை இரண்டு முறை பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளைக்கு கமிட்டி வருகிறது.

விஷயம் இதுதான். வேளாண்மையிலும் உணவிலும் புதிதாக ஏதாவது செய்கிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. பிரேமா பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அங்கே கருவாட்டைத் தார் ரோட்டில் காயப்போடுவார்கள். மேலே காக்கை, கீழே மணல், நடுவில் லாரி. லாரி ஏறின வாளை மீன் அப்பளம் மாதிரி இருக்கும். அதற்கும் விலை உண்டு. பிரேமா அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்து, கண்ணாடிக் கூரை போட்டு, வெயிலையும் விசிறியையும் வைத்து ஓர் உலர்த்தும் அறை கட்டினாள். முதல் தவணை மானியம் வந்தது. இன்று கமிட்டி கருவாட்டைப் பார்த்துத் தலையாட்டினால் இரண்டாம் தவணை. ஆட்டாவிட்டால் கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் மறுபடி லாரிக்கு நடுவே உட்கார வேண்டும்.

"வேற கருவாடு இல்லியா?"

"மீதி எல்லாம் நேத்தே லோடு போயிடுச்சி. உள்ள கீறது இன்னும் ஈரம். கமிட்டிக்குன்னு நெத்திலி, வாளை, சுறா எல்லாம் பொறுக்கி ஒரு அட்டப்பொட்டில வெச்சிருந்தேன். காத்தால வந்து பாத்தா பொட்டி இல்ல. பூட்டு பூட்டினபடியே கீது."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, எங்க அத்தைகிட்ட ஒண்ணு, துளசிராமன் சார்கிட்ட ஒண்ணு."

அத்தை பச்சையம்மா ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பிரேமாவின் மாமியார். "என்னயச் சந்தேகப்பட்டா படு நைனா," என்றாள் மதனிடம். "எனக்கு எந்தப் பல்லு கீது, சுறாக் கருவாடு கடிக்க?"

"துளசிராமன் யாரு?"

"திட்டம் எழுதிக் குடுக்கறவரு மேடம். நாம தமிழ்ல சொன்னா அவரு இங்கிலீஷ்ல எழுதிடுவாரு. இந்தப் பக்கம் அவரு எழுதுனாதான் மானியம் வரும்னு பேரு."

துளசிராமனைப் பற்றி மாவட்டம் முழுக்கத் தெரியும். கண்ணீர் வராத வெங்காயம், தானே எண்ணிக்கொள்ளும் முட்டை, திருடனைப் பார்த்தால் உறுமும் பூசணி என்று பல திட்டங்களுக்கு அவர் விண்ணப்பம் எழுதியிருக்கிறார். பூசணித் திட்டம் மட்டும் நின்றுபோனது. அது பார்வையிட வந்த அதிகாரியைப் பார்த்து உறுமிவிட்டது என்கிறார்கள்.

"அவர் எங்கே இப்போ?"

பிரேமா கைபேசியில் ஒரு குரல் செய்தியை ஓட விட்டாள்.

"பிரேபா, டான் துளசிராபன் பேசறேன். இங்க செவ்வாப்பேட்டைல பயங்கர பழை. ரயில் ஓடலை. கபிட்டிக்கு டான் வர லேட்டாகும். டீங்க தைரியபா இருங்க."

மதன் காதைக் குடைந்துகொண்டான். "பழையா? பழைய சோறா? டீ வேற கேக்கறாரு."

"அவருக்கு மூக்கடைப்பு சார். ஒம்போது வருசமா அப்டித்தான். 'ம' வராது, 'ந' வராது. மொத நாளு வந்து மீனப் பாத்து இன்னாவோ சொல்லிட்டாரு, அத்தை தொடப்பத்த எடுத்துடுச்சி."

"பின்ன? மீனுக்கு அந்தப் பேரா வெப்பாங்கோ?" என்றாள் பச்சையம்மா.

சந்திரகலா அந்தச் செய்தியை இன்னொரு முறை கேட்டாள். "மதன், காலைல செவ்வாப்பேட்டைல நீ எதை மாட்டிக்கிட்டு வந்தே?"

"கூலிங் கிளாஸ் மேடம்."

"நான் மாடில வத்தல் காயப்போட்டுட்டு வந்தேன். மழை எங்கே பெய்யுது?"

"அவரு வாய்ல மேடம்."

அப்போது பச்சையம்மா கூடையிலிருந்து எழுந்து வாசலைப் பார்த்துக் கத்தினாள். "ஏய் மானியம்! உள்ள வாடி!"

மதன் திடுக்கிட்டான். "மானியத்தையே 'வாடி'ன்னு கூப்பிடறாங்க!"

"பூனை சார்," என்றாள் பிரேமா. "மொதல் தவணை வந்த அன்னிக்கு வந்துச்சு. அதான் அந்தப் பேரு. தெனமும் இந்தப் பொட்டி வெச்ச அலமாரிக்குக் கீழதான் படுத்துக்கும். இன்னிக்கு காத்தாலேர்ந்து தெருமுனைல போய் உக்காந்துக்கினு கீது."

சந்திரகலா எட்டிப் பார்த்தாள். வயிறு பெருத்த சாம்பல் பூனை ஒன்று ஷேர் ஆட்டோ நிற்குமிடத்தில், கடைசி ஆட்டோவைத் தவறவிட்ட பயணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நாத்தமே இல்லாத கருவாட்டுக்குப் பூனை எதுக்கு மதன் காவல் காக்குது?"

"பேரு மானியம் இல்லியா மேடம்? கவர்மெண்டு பூனை. வேலை இருந்தாலும் இல்லாட்டியும் சீட்ல இருக்கும்."

சந்திரகலா சிரிக்கவில்லை. பூனை இருந்த இடத்துக்கு நடந்தாள். மதன் பின்னாலேயே ஓடினான்.

*

ஷேர் ஆட்டோவை சரவணகுமார் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டின்மேல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தான், ஊதுவத்தி கொளுத்தினான், ஒரு முழம் மல்லிகையைக் கைப்பிடியில் சுற்றினான். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"பூஜையா?" என்றான் மதன்.

"நீ வேற சார், வவுத்தெரிச்சலக் கெளப்பாத. காத்தாலேர்ந்து ஒரு சவாரி இல்ல. ஏர்றவன் எல்லாம் ஏறின சுருக்குல எறங்கிடறான். நாஷ்டாவுக்குக் கூட டப்பு தேறல."

"ஏன்?"

"எவனோ ஒரு ஆளு சார். கோட்டு சூட்டு, செவப்பு கலர்ல உருட்டினு போற பொட்டி. வண்டில அப்போ ஏழு பேரு. இந்தாளு ஏறி உக்காந்தான். அடுத்த கம்பெனி கேட்டாண்ட ஏழு பேரும் எறங்கிட்டானுங்க. அங்க எவனுக்கும் வேலையே இல்ல சார்! அந்தாளு என்னப் பாத்து, 'டான் பட்டும்தான் போறேனா? டல்ல வசதியா இருக்கே'ன்றான். எனக்கு ஒண்ணும் புரியல. வேற பாசைன்னு வுட்டுட்டேன்."

மதன் சந்திரகலாவைப் பார்த்தான். சந்திரகலா பூனையைப் பார்த்தாள். பூனை ஆட்டோவுக்குள் குதித்து, பின் சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

"எங்கே இறக்கி விட்டே?"

"டேசன்ல."

"வண்டியை எடு."

"நீங்க... எறங்க மாட்டீங்களே?"

"நாங்க இறங்க மாட்டோம். பூனையும் வருது."

ஆட்டோ கிளம்பியதும் மதன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினான். அதனால் அவன் பேச்சும் துளசிராமன் பேச்சு மாதிரியே இருந்தது. இங்கே திருத்தி எழுதியிருக்கிறது.

"மேடம், பெட்டி கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போன சீட்டே இந்த நாறு நாறுது. இதுவா நாத்தம் இல்லாத கருவாடு? நம்ம கட்சிக்காரம்மாவே புளுகுறாங்களோ?"

"பிரேமா முகத்தைப் பார்த்தேன். டிக்கெட் வெச்சிருக்கிற முகம்."

"பூனை?"

"அதுவும்தான்."

"அப்போ யாருகிட்ட மேடம் டிக்கெட் இல்ல?"

"அதான் தெரியலை. ஆளுங்க எல்லாரும் சரியா இருக்காங்க. நடுவுல ஏதோ ஒண்ணு வித்தவுட்ல வருது."

*

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சூளூர்ப்பேட்டை போகும் ரயில் சிக்னலுக்காக நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டால் சிக்னலே வெட்கப்படும். ஒன்பது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியாகத் தேடினால் பாதி தேடுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பெட்டியும் போச்சு, கமிட்டியும் போச்சு.

"சேப்புப் பெட்டியைத் தேடுங்க மேடம்," என்றான் மதன்.

சந்திரகலா பெட்டியைத் தேடவில்லை. சாதாரண வகுப்பின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது வாசலில் நின்றாள். அங்கே ஒரு கதர் சட்டைப் பெரியவர் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அவருடைய இன்னொரு காலுக்குக் கீழே ஒரு கீரைக் கட்டு. பக்கத்தில் லேப்டாப் பை மாட்டிய அம்மாள் ஒருவர், ஒரு சைக்கிள் டயருக்குள் நின்றிருந்தார்.

"வணக்கம் சார். பதினஞ்சு வருஷமா உங்களை ஃபர்ஸ்ட் கிளாஸ்லதான் பார்த்திருக்கேன். பாஸ் தீந்து போச்சா?"

பெரியவர் பேசவில்லை. பேசினால் மூச்சு விட வேண்டும். கையை நீட்டி முதல் வகுப்புப் பெட்டியைக் காட்டினார். கண்ணில் தண்ணீர்.

முதல் வகுப்பில் ஒரே ஒருவர் இருந்தார். கோட்டு, சூட்டு. எதிர் சீட்டில் காலை நீட்டி, சிவப்புப் பெட்டியின்மேல் கையை வைத்து, உலகத்தில் மனிதர்கள் குறைந்துவருவதைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க," என்றார் துளசிராமன். "இடம் டிறைய இருக்கு. இன்டைக்கு என்டவோ ஒருத்தரையும் காணோம்."

"டிக்கெட்," என்றாள் சந்திரகலா. இருபது வருடப் பழக்கம். அவர் எடுத்துக் காட்டினார். முதல் வகுப்பு, சூளூர்ப்பேட்டை வரை. "இது சரி. கருவாட்டுக்கு?"

துளசிராமன் முகம் மாறியது. "எந்தக் கருவாடு?"

பதிலைப் பூனை சொல்லியது. அது மதன் கையிலிருந்து தாவி சிவப்புப் பெட்டியின்மேல் விழுந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, பிரிந்தவர் கூடினாற்போல ஒரு சத்தம் போட்டது.

"செவ்வாப்பேட்டைல பழை நின்னுடுச்சா சார்?" என்றான் மதன்.

துளசிராமன் காலை மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, மேடையில் பேசுவது மாதிரிப் பேசினார்.

"ஆபா, டான்தான் எடுத்தேன்! பேடம், வாசடையே இல்லாத கருவாடு! உலகத்துல எவனும் செய்யலை. டானே பூக்கை வெச்சு பூணு தடவை போந்து பார்த்தேன். ஒண்ணுபே வரலை! அந்த அம்பாவுக்கு அதோட அருபை தெரியலை. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்டொரு கபிட்டி இருக்கு. அங்கே என் பேர்ல விண்ணப்பம் போட்டிருக்கேன். இன்டைக்கு பூணு பணிக்கு காட்டணும்."

"மூக்கை வெச்சு மோந்து பார்த்தீங்க," என்றாள் சந்திரகலா மெதுவாக. "ஒம்போது வருஷமா அடைச்ச மூக்கை வெச்சு."

"ஆபா."

"மீனை நீங்க என்னன்னு சொல்வீங்க?"

துளசிராமன் சொன்னார்.

சந்திரகலா பூனையையும் பெட்டியையும் சேர்த்து மதனிடம் கொடுத்தாள். "சார், உங்களைச் சுத்தி இருந்த அத்தனை பேரும் ஏன் எழுந்து போனாங்கன்னு ஒரு தடவைகூட யோசிக்கலையா?"

"பரியாதைன்னு டினைச்சேன்," என்றார் துளசிராமன்.

*

கொட்டகையில் பெட்டியைத் திறந்தபோது மதன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பெயிண்ட் கம்பெனியின் வாடை அந்த இடத்தை விட்டு விலகியது. ரப்பர் கம்பெனி வாசலில் யாரோ இருமுவது கேட்டது.

"பிரேமா," என்றாள் சந்திரகலா. "உண்மையைச் சொல்லு. இது நாத்தம் இல்லாத கருவாடா?"

பிரேமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சுறாத் துண்டை எடுத்து சந்திரகலாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இன்னா மேடம் இப்டிக் கேக்கறீங்க? நல்லா மோந்து பாருங்க! எங்க கீது இதுல நாத்தம்? சொல்லுங்க! வாசம்தான கீது?"

"கெட்டுப் போனாதான் நைனா நாத்தம்," என்றாள் பச்சையம்மா, பச்சைக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி மதனிடம். "மழைல நனைஞ்சா நாத்தம். ஈ மொய்ச்சு புழு வெச்சா நாத்தம். ரோட்டுல காஞ்சதுல பாதி நாத்தம்தான். இது பொட்டுத் தண்ணி படாம, ஒரு ஈ உக்காராம காஞ்சது. இதுக்குப் பேரு வாசம். எங்க குப்பத்துல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

சந்திரகலா பச்சையம்மாவின் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். வித்தவுட்டில் வந்தது யாரென்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. பிரேமா சொன்னது கெட்டுப்போகாத கருவாடு. துளசிராமன் காதில் விழுந்தது வாசனையே இல்லாத கருவாடு. ஊர் உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் திறந்த அன்றே தப்பைக் கண்டுபிடித்திருப்பார்கள். எழுத வந்தவருக்கு மூக்கு இல்லை.

"இங்கிலீஷ்ல என்னன்னு எழுதினீங்க சார்?"

"ஓடர்லெஸ்," என்றார் துளசிராமன், சின்னக் குரலில். "அதைப் பார்த்துதான் கபிட்டியே அசந்து போச்சு."

"போச்சுடா," என்றான் மதன். "மூக்கு இருக்கறவங்க வந்தா செத்தோம்."

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

பிரேமா சுறாத் துண்டைப் பெட்டிக்குள் போட்டாள். "மேடம், நான் பொய் சொல்லல மேடம்."

"தெரியும். நீ சொன்ன வார்த்தை சரி. அது இங்கிலீஷுக்குப் போய் மாட்டிக்கிச்சு. அதைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும்." சந்திரகலா எழுந்தாள். "பச்சையம்மா, அடுப்பு இருக்கா?"

"இன்னா கேள்வி இது?"

"நெத்திலியை வறுங்க. மிளகாயைத் தாராளமா போடுங்க. யார் என்ன கேட்டாலும் எல்லாரும் தமிழ்லதான் பதில் சொல்லணும். மதன், நீ பதிலே சொல்லக் கூடாது."

*

கமிட்டி என்றால் இரண்டு பேர். தலைவர் ஆதிநாராயணன், திருவாலங்காட்டுப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விஞ்ஞானியாகி, ஓய்வுபெற்றும் ஓயாதவர். இன்னொருவர் இளமதி, கையில் டேப்லெட் வைத்திருந்த இளம் அதிகாரி. இளமதி காரை விட்டு இறங்கியதும் கைக்குட்டையை எடுத்தார். ஆதிநாராயணன் இறங்கியதும் கண்ணை மூடினார்.

மணி ஒன்றரை. காலையில் அவருக்குக் கொடுத்தது ஓட்ஸ் கஞ்சி.

"முதல்ல கணக்கு," என்றார் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்து. "ஏம்மா, முதல் தவணை மானியம் வந்துச்சே, அது இப்போ எந்த நிலைமைல இருக்கு?"

கேள்வி பச்சையம்மாவின் பக்கம் போய்விட்டது. "நெறைமாசமா கீது சாமி," என்றாள் அவள், நெத்திலியைப் புரட்டிக்கொண்டே. "இன்னிக்கோ நாளிக்கோ."

ஆதிநாராயணன் இளமதியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாம்மா? எத்தனை திட்டத்துக்குப் பணம் கொடுத்திருக்கோம். ஒருத்தராவது இவ்வளவு நம்பிக்கையா சொன்னாங்களா?"

இளமதி டேப்லெட்டில் திட்டத்தின் குறிக்கோளைப் படித்தார். நல்ல ஆங்கிலம். அதில் 'ஓடர்லெஸ்' என்ற சொல் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பிரேமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓடர்லெஸ்," என்று ஆதிநாராயணன் வாணலியைப் பார்த்தபடி சொல்லிப் பார்த்தார். "அதாவது... நாத்தம் இல்லாத கருவாடு. அப்படித்தானேம்மா?"

"அதேதான் சார்!" என்றாள் பிரேமா. "நான் சொன்னது அதேதான்!"

இப்படியாக, ஆங்கிலத்துக்குப் போன ஒரு வார்த்தை சேதாரம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. சந்திரகலா மூச்சு விட்டாள்.

பச்சையம்மா ஒரு வாழையிலைத் துண்டில் நெத்திலியை வைத்து நீட்டினாள். ஆதிநாராயணன் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றைப் போட்டார். மூன்றாவதை எடுக்கும்போது அவர் நின்றுவிட்டார்.

"மணல் கடிபடலையே!"

"கடிபடாது சார். ரோடே பாக்காத கருவாடு."

"எழுதும்மா. மணல் இல்லை. ஈ மொய்த்த தடம் இல்லை. நாற்றம் இல்லை."

"சார்," என்றார் இளமதி கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஆனா அடிக்குதே சார்."

"அது வாசனைம்மா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது. நீங்க பசியில இருக்கீங்க. மூணாவதா ஒருத்தர் சொன்னாத்தான் நான் எழுத முடியும்." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "திட்ட ஆலோசகர் நீங்கதானே? நீங்க முகர்ந்து பார்த்துச் சொல்லுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். துளசிராமன் அடுப்பின் பக்கம், புகை போகும் திசையில், தப்பிக்க வழி இல்லாமல் நின்றிருந்தார். பச்சையம்மா மிளகாயைத் தாராளமாகத்தான் போட்டிருந்தாள். வறுக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கமறல் முழுக்க அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவப்புப் பெட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

அந்தத் தும்மலைப் பற்றி ரப்பர் கம்பெனியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். டைம் ஆபீசில் அதை ஷிப்டு முடியும் சங்கு என்று நினைத்து ஒரு ஷிப்டையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

சத்தம் அடங்கியதும் துளசிராமன் மெதுவாக மூச்சை இழுத்தார். காற்று உள்ளே போனது. ஒன்பது வருடமாகப் பூட்டியிருந்த வீட்டுக்குள் போவது மாதிரி, தயங்கித் தயங்கிப் போனது. அவர் கண் விரிந்தது.

"நான்..." என்றார். "நான்... மேடம், நான் 'நான்'னு சொல்றேன்!"

"அது இருக்கட்டும் சார்," என்றார் இளமதி. "நாத்தம் அடிக்குதா, இல்லையா?"

பிரேமா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகை வாசலில் குப்பத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். துளசிராமன் திருடினவர். இந்த இடத்தில் கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தன் தப்பை எல்லாம் கருவாட்டின் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம். சந்திரகலாவுக்கு அது தெரியும். மதனுக்கும் தெரியும், பேசக் கூடாது என்பதால் அவன் ஒரு நெத்திலியைக் கடித்துக்கொண்டு நின்றான்.

துளசிராமன் பெட்டிக்குள் குனிந்தார். சுறாவை முகர்ந்தார். வாளையை முகர்ந்தார். நெத்திலியிடம் வந்தபோது அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது மிளகாயா, வேறெதாவதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"மீன்," என்றார். முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார். "இதுதான் மீனா? அம்மா, என்ன வாசனை! என்ன வாசனை!"

ஒன்பது வருடம் கழித்து வருகிற முதல் வாசனை. அந்த இடத்தில் ஒரு சாக்கடை இருந்திருந்தாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே இருந்தது கருவாடு.

"எழுதிக்கோம்மா," என்றார் ஆதிநாராயணன். "நாற்றம் இல்லை. ஆலோசகர் அழுதார்."

இளமதி எழுதினார். இரண்டாம் தவணைக்குப் பரிந்துரை என்ற இடத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினார். பிரேமா பச்சையம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பச்சையம்மா, "எண்ணெ காயுது, வுடுடி," என்றாள், ஆனால் விலகவில்லை.

துளசிராமனுக்கு மட்டும் திடீரென்று ஏதோ நினைவு வந்தது. "மேடம், அந்த ஆட்டோ... அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ்... அதெல்லாம் மரியாதை இல்லையா?"

"இல்ல சார்," என்றான் மதன், இனிப் பேசலாம் என்பதால்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து விண்ணப்பத்தை அவர் அங்கேயே கைபேசியில் திரும்பப் பெற்றார். பச்சையம்மா அவருக்கு ஒரு தண்டனை விதித்தாள். வாரம் ஒருநாள் வந்து ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து, நாத்தமா வாசமா என்று சொல்ல வேண்டும். அவர் தினமும் வரட்டுமா என்று கேட்டார். சிவப்புப் பெட்டியை மட்டும் அவரால் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. மானியம் அதற்குள் போய்ப் படுத்து, கமிட்டியின் கார் தெருமுனை திரும்புவதற்குள் குட்டி போட்டுவிட்டது. ஒரே ஒரு குட்டி. அதற்கு என்ன பேர் வைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கமிட்டி அடுத்த முறை வந்து இரண்டாம் தவணை எப்படி இருக்கிறது என்று கேட்டால், பால் குடிக்கிறது என்று பதில் வரும்.

*

பீஸுக்குப் பதிலாக பிரேமா ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தாள். நெத்திலி பாதி, சுறா பாதி.

சாயந்திரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சந்திரகலா கவுண்டரில் குனிந்து, ஊருக்கு இரண்டு முதல் வகுப்பு டிக்கெட் கேட்டாள். நாள் முழுக்க அலைந்திருக்கிறாள், கால் வலி. கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசை.

மதன் அவள் கையைத் தடுத்தான்.

"எதுக்கு மேடம் வெட்டிச் செலவு?" என்றான், பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. "சாதா டிக்கெட்டே எடுங்க. நாம ஏறினா அதுவே ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆயிடும்."